வடித்த நீரும் வடிகட்டிய நீரும்



தமிழில் 'வடி' என்னும் வினைக்கு வேலைகள் பல. சோறு வடிக்கிறோம், கண்ணீர் வடிக்கிறோம். சிற்பி சிலை வடிக்கிறான். கவிஞன் கவிதை வடிக்கிறான். தேநீரை வடிகட்டுகிறோம். அறிவியல் கூடத்தில் நீரைக் காய்ச்சி வடிக்கிறோம். ஒரே சொல் இத்தனை வேலைகளையும் அலுக்காமல் செய்வது நம் மொழியின் வளத்திற்குச் சான்று என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால், அந்த வளமே எங்கள் குடும்பத்தில் இரண்டு படகு மின்கலங்களைக் கொன்றது என்றால் நம்புவீர்களா? நடந்ததை எழுதுகிறேன். தமிழில் அறிவியல் கற்பிக்கும் நமக்கு இதில் ஒரு வேலை காத்திருக்கிறது.

நான் வாழும் ஸ்ரீ கெம்பாங்கான், அவசரகாலத்தில் 'செர்டாங் பாரு' என்னும் புதுக்கிராமமாக உருவான ஊர். சுற்றிலும் ஈயக்குட்டைகள். இன்று 'மைன்ஸ்' என்று நாம் அழைக்கும் பேரங்காடியும் அதன் அருகிலுள்ள அழகிய ஏரியும் 1980களின் தொடக்கம் வரை ஹோங் பாட் ஈயச் சுரங்கமாக இருந்தவை. உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களுள் ஒன்று அது. மண்ணைத் தோண்டி ஈயத்தை எடுத்துச் சென்ற பிறகு எஞ்சிய பள்ளங்களில் நீர் நிறைந்தது. நீரில் மீன் நிறைந்தது. மீனைத் தேடித் தூண்டில்காரர்கள் வந்தார்கள்.

அவர்களுள் என் அக்காளின் கணவரும் ஒருவர். பணி ஓய்வுக்குப் பின் அத்தானுக்கு வார இறுதி என்றால் தோமான் மீன்தான். நண்பர்கள் மூவர் சேர்ந்து சிறிய நார்க்கண்ணாடிப் படகு ஒன்றை வாங்கினார்கள். பெட்ரோல் இயந்திரம் ஓசை எழுப்பி மீனை விரட்டிவிடும் என்பதால் மின்சாரத்தால் சுழலும் சிறு பொறி ஒன்றைப் படகின் பின்புறம் பொருத்தினார்கள். அதற்கு 12 வோல்ட்டு மின்கலம் இரண்டு. பாடநூல் 'மின்கலம்' என்கிறது. பட்டறையில் அது 'பேட்டரி'. நான் இரண்டையும் கலந்தே எழுதுவேன், பொறுத்தருள்க.

இந்த வகைப் பேட்டரி மகிழுந்தில் இருப்பதைப் போன்றதன்று. மகிழுந்துப் பேட்டரி, இயந்திரத்தைக் கிளப்புவதற்குச் சில விநாடிகள் மட்டும் பெருமூச்சு விட்டுப் பின் ஓய்வெடுக்கும். படகுப் பொறிக்கான பேட்டரி மணிக்கணக்கில் மெல்ல மெல்ல வற்றும். இரவு முழுவதும் மின்னேற்றம் பெறும். இப்படி ஆழமாக வற்றி ஆழமாக நிரம்பும் பேட்டரிகளின் தகடுகளில் பெரும்பாலும் ஆண்டிமனி என்னும் தனிமத்தைச் சிறிதளவு கலந்திருப்பார்கள். தகடு உறுதி பெறும். ஆனால் நீர் விரைவாகக் குறையும். ஆகவே, மூடியைத் திறந்து பார்த்து நீர் ஊற்ற வேண்டும்.

எந்த நீர்? அத்தான் பட்டறையில் கேட்டார். அங்கிருந்த நம்மவர் ஒருவர், "வடிச்ச தண்ணி ஊத்துங்கண்ணே, கொழாத் தண்ணி வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். சொன்னது முற்றிலும் சரி. அத்தான் வீட்டு வாசலில் நீர் வடிகட்டி ஒன்று நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அது இல்லாத தரைவீடு அரிது. மணலும் கரியும் நிரப்பிய அந்தத் தூணைக் கடந்து வரும் நீர் கண்ணாடி போலிருக்கும். 'வடிச்ச தண்ணி' அதுதானே என்று அத்தான் ஊற்றினார். சில மாதங்கள் கழித்து நண்பர் ஒருவர், "வெறுமனே வடிச்சா போதாது, காய்ச்சி வடிக்கணும்" என்று திருத்தினார். அதுவும் சரியே! உடனே அக்காள் பானையில் நீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் புட்டியில் நிரப்பிக் கொடுத்தார். காய்ச்சியும் ஆயிற்று, வடித்தும் ஆயிற்று. தமிழ்ச் சொற்களின்படி நடந்த அக்காளிடம் யார் குற்றம் காண முடியும்?

ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. இரவு முழுவதும் மின்னேற்றிய பேட்டரி, விடியற்காலையில் குட்டைக்குப் போய்ச் சேருவதற்குள் சோர்ந்திருந்தது. முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று. நட்டநடுக் குட்டையில் பொறி நின்றுபோய் மூவரும் துடுப்பு வலித்துக் கரை சேர்ந்தார்கள். அன்றைக்குப் பிடித்த மீனைவிட அன்றைக்குப் பட்ட தோள்வலிதான் பெரியது என்று அத்தான் இன்றும் சொல்வார். நம் நாட்டு வெப்பமும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்தான். எனினும், மூடியைத் திறந்து பார்த்தபோது கலங்கிய செம்பழுப்பு நிறத்தில் இருந்த கரைசல், நீரின் மீது ஐயம் கொள்ளப் போதுமானதாக இருந்தது.

ஈயமும் அமிலமும் கொண்ட இந்த மின்கலத்தை 1859இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். காரீயத் தகடுகள், நீர் கலந்த கந்தக அமிலம், அவ்வளவே. தமிழாசிரியர் என்ற முறையில் இங்கே ஓர் இடைச்செருகல்: 'ஈயம்' என்னும் ஒரு சொல்லுக்குள் நாம் இரண்டு உலோகங்களை அடைத்து வைத்திருக்கிறோம். ஸ்ரீ கெம்பாங்கான் மண்ணிலிருந்து தோண்டியது வெள்ளீயம். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பும் வெள்ளீயமே. பேட்டரிக்குள் இருப்பதோ காரீயம்; உடலுக்கு நஞ்சு. வெள்ளீயக் குட்டையில் காரீயப் பேட்டரி மிதக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் இரண்டையும் மறக்க மாட்டார்கள்.

மின்னேற்றம் முடியும் தறுவாயில், 12 வோல்ட்டு மின்கலத்தின் அழுத்தம் 14.4 வோல்ட்டை நெருங்கும்போது, மின்சாரம் உள்ளிருக்கும் நீரைப் பிளக்கத் தொடங்குகிறது. ஹைட்ரஜனும் உயிர்வளியும் குமிழிகளாக வெளியேறுகின்றன. குறைவது நீர் மட்டுமே. அமிலம் உள்ளேயே இருக்கிறது. ஆகவே, குறைந்ததை நிரப்ப நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். அமிலத்தை ஒருபோதும் ஊற்றக் கூடாது. இதுவரை பலரும் அறிந்ததே. பலரும் எண்ணிப் பாராதது இதன் மறுபக்கம். வெளியேறுவது நீர் மட்டும்தான் என்றால், அந்த நீரோடு உள்ளே வந்த மற்றவை என்ன ஆகும்? அவை அங்கேயே தங்கிவிடும். அடுப்பில் வற்ற வற்ற உப்பு நீரையே மீண்டும் மீண்டும் ஊற்றிய குழம்பை எண்ணிப் பாருங்கள். ஒருமுறை ஊற்றினால் நாக்கு அறியாது. முப்பது முறை ஊற்றிய பிறகு வாயில் வைக்க இயலாது. பேட்டரிக்கும் அதே கதி. "நானும்தான் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று கூறுவோர் முதல் சில கரண்டிகளைத்தான் சுவைத்திருக்கிறார்கள்.

நம் குழாய் நீர் கெட்ட நீரா? அன்று. மலேசியக் குடிநீர்த் தர அளவின்படி, ஒரு லிட்டரில் குளோரைடு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம், இரும்பு 0.3, மாங்கனீசு 0.1 மில்லிகிராம் வரை. மனிதன் குடிக்க இது தகும். ஆனால், பேட்டரி உற்பத்தியாளர்கள் குளோரைடுக்குத் தரும் எல்லை இதில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான். குளோரைடு, தகட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கிறது. இரும்பின் வேலை விந்தையானது. அது ஒரு தகட்டில் மின்னணுவை இழந்து, எதிர்த் தகட்டிற்கு நகர்ந்து அங்கே பெற்றுக்கொண்டு, மறுபடியும் திரும்பி வரும். இப்படி ஓயாமல் ஓடி ஓடியே, பொறியை இயக்காதபோதும், சேமித்த மின்னாற்றலை உள்ளுக்குள்ளேயே தீர்த்துவிடும். இரவில் நிரம்பிய பேட்டரி விடியலில் சோர்ந்திருக்க இது ஒன்றே போதும். செம்பும் நிக்கலும் வேறு வழியில் கெடுக்கின்றன. எதிர்மின் தகட்டில் ஹைட்ரஜன் எளிதாக வெளியேற வழி திறந்துவிடும். பேட்டரி தானாக வற்றும்; நீரும் விரைவாகக் குறையும்; குறைந்த இடத்தில் அதே நீரை மறுபடி ஊற்றுவோம்.

வாசலில் நிற்கும் வடிகட்டி இவற்றைத் தடுக்காதா? மணல் தடுப்பது மிதக்கும் துகளை. கரி ஈர்ப்பது குளோரின் வாடையையும் சில கரிமப் பொருள்களையும். நீரில் முழுவதும் கரைந்துவிட்ட உப்பு, சர்க்கரை கரைந்த தேநீர் வடிகட்டியைக் கடப்பது போல, இரண்டையும் கடந்து வந்துவிடும். காய்ச்சினால்? நோய்க்கிருமி சாகும். ஆனால், ஆவியாகிப் பறப்பது தூய நீர். பானையில் மிஞ்சுவது முன்னைவிட உப்பு மிகுந்த நீர். அக்காள் பாடுபட்டுச் சேர்த்தது பானையில் எஞ்சியதை. பேட்டரிக்கு வேண்டியிருந்ததோ பானையிலிருந்து பறந்து போனது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர் விநியோகம் தடைபட்டுத் திரும்பும் நாளை எண்ணிப் பாருங்கள். 1998இல் நீர்ப் பங்கீட்டை அனுபவித்தவர்களும், 2014இல் வாளிகளோடு காத்திருந்தவர்களும், அதற்குப் பிறகு ஆற்று மாசினால் குழாய் வறண்ட நாள்களைக் கண்டவர்களும் இதை அறிவார்கள். நீர் திரும்பும் முதல் மணி நேரத்தில் குழாயிலிருந்து தேநீர் நிறத்தில் கொட்டும். பழைய குழாய்களில் படிந்திருந்த இரும்புத் துருவும் மாங்கனீசும்தான் அந்த நிறம். வடிகட்டி அந்த நிறத்தை நீக்கும், கரைந்திருப்பதை நீக்காது.

வேறு நீர்களைப் பற்றியும் ஆளுக்கொரு கருத்து உண்டு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரைச் சேர்த்து ஊற்றலாம் என்பது நம்மிடையே மிகப் பரவலானது. அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து உருவானது என்பதால் பிறக்கும்போது தூயதே. ஆனால், செம்பையும் அலுமினியத்தையும் தழுவி, தூசும் பூஞ்சையும் படிந்த தட்டில் தேங்கி, குழாய் வழியே வருகிறது. செம்பு பேட்டரிக்கு ஆகாது என்று சற்று முன்தான் பார்த்தோம். மழைநீரும் அவ்வாறே, வானிலிருந்து இறங்கும்வரை நல்ல பிள்ளை, கூரையைத் தொட்டவுடன் கெட்ட சகவாசம்.

கடை முகப்புகளில் காசு போட்டு நீர் பிடிக்கும் தானியங்கி இயந்திரங்கள், நுண்சவ்வின் வழியே நீரை எதிர்த்துத் தள்ளி உப்பில் பெரும்பகுதியை நீக்குகின்றன. இது வடிகட்டியைவிடப் பல மடங்கு மேல். எனினும், சவ்வு பழையதா புதியதா என்பது நமக்குத் தெரியாது; சில இயந்திரங்கள் சுவைக்காகத் தாதுக்களை மறுபடி சேர்க்கவும் செய்யும். புட்டி நீரிலும் வேறுபாடு உண்டு. நம் நாட்டில் நெடுங்காலம் இயற்கைத் தாது நீருக்கு வண்ண மூடியும், சுத்திகரித்த குடிநீருக்கு வெள்ளை மூடியும் இடும் வழக்கம் இருந்து வந்தது. இரண்டையுமே நாம் 'மினரல் வாட்டர்' என்றுதான் கேட்டு வாங்கினோம்! தாதுக்கள் உள்ள நீரே பேட்டரிக்கு ஆகாத நீர்.

படகில் நடு நீரில் இருக்கிறீர்கள், தகடுகள் வெளியே தெரிகின்றன, சரியான நீர் கையில் இல்லை என்றால், தகடு காய்வதைவிடச் சுத்திகரித்த புட்டி நீரைத் தகடு மூழ்குமளவு மட்டும் ஊற்றுவது குறைந்த தீமை. அது அவசரத்திற்கு மட்டுமே. மற்ற நாள்களில் பெட்ரோல் நிலையத்திலோ உதிரிப்பாகக் கடையிலோ சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் பேட்டரி நீரை வாங்குவதே அறிவுடைமை. மேலட்டையில் மலாய் மொழியில் 'ஆயிர் பத்தேரி' என்றோ 'ஆயிர் சூலிங்' என்றோ இருக்கும். பிசின் மணிகளின் வழியே செலுத்தி அயனிகளை நீக்கிய நீரையும் அதே பெயரில் விற்பார்கள், அதுவும் தக்கதே. 'அசிட்' என்னும் சொல் இருந்தால் அது நீரன்று, கந்தக அமிலம். அண்டை நாடான இந்தோனேசியாவில் நீல மூடிப் புட்டி நீர், சிவப்பு மூடிப் புட்டி அமிலம் என்று நிறத்தால் வேறுபடுத்தும் வழக்கம் உண்டு. அந்த நிறக் கணக்கை இங்குள்ள புட்டிகளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம், மேலட்டையைப் படியுங்கள்.

ஊற்றும் நேரத்தைப் பற்றியும் அத்தானுக்கு ஒரு பாடம் இருந்தது. மின்னேற்றும் முன் விளிம்பு வரை நிரப்பினால், ஏற்றத்தின்போது கரைசல் விரிந்து, குமிழிகளோடு மேலெழுந்து அமிலமாக வழியும். ஆகவே, முதலில் மின்னேற்றம், பிறகு நீர். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்குமளவு முன்னதாக ஊற்றலாம். நீர்மட்டம் தெரியவில்லையென்று தீமூட்டியைப் பற்றவைத்துப் பார்ப்பவர்களும் உண்டு! காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே அது வெடிக்கக்கூடியது. படகின் மூடிய பெட்டிக்குள் மின்னேற்றுவது அதனினும் தீங்கு.

கடலில் செல்லும் படகுகளுக்கு இன்னொரு கவலை உண்டு. கேத்தாம் தீவுப் பக்கம் போய் வருபவர்கள் கவனிக்க வேண்டியது. கடல்நீர் பேட்டரிக்குள் புகுந்தால், அதிலுள்ள உப்பிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். அது மூச்சை அடைக்கும் நச்சு வாயு. நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் நூறாண்டுகளாக அஞ்சி வரும் ஆபத்து இது. 2009 செப்டம்பரில் கிள்ளான் துறைமுகத்திற்கு வந்து சேர்ந்த நம் நாட்டின் முதல் நீர்மூழ்கி 'துங்கு அப்துல் ரஹ்மான்' உட்பட, டீசலும் மின்கலமும் கொண்டு இயங்கும் நீர்மூழ்கிகள் பெரிய மின்கலத் தொகுதிகளைச் சுமப்பவை. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க நீர்மூழ்கிகளில் இரண்டு தொகுதிகளாக 252 மின்கலங்கள் இருந்தன. கப்பலிலேயே கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்வித்து நன்னீர் செய்தார்கள். அந்த நீரில் மின்கலங்களுக்கே முன்னுரிமை. மாலுமிகள் குளிப்பது அதற்குப் பிறகுதான். குளிர்சாதனக் கருவியில் சேர்ந்த நீரைத் துணி துவைக்கப் பயன்படுத்தினார்கள். எந்த நீர் எதற்கு என்று அவர்களுக்கு மயக்கமே இருந்ததில்லை.

பெற்றோர்களுக்கென்று ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். பேட்டரி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

பழைய பேட்டரிகள் போனபின், நண்பர் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளுக்குப் புதுப் பேட்டரி வாங்கினார். கடையில் அமிலத்தைத் தனியாக ஊற்றித் தரும் வகை அது. மிஞ்சிய அமிலத்தை அந்தக் கடையில் ஒரு குடிநீர்ப் புட்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். வீணாக்குவானேன் என்று அவர் அதை அத்தானிடம் தந்தார். அது படகுச் சாமான்களோடு வாசலில் இருந்தது. அக்காள் வடிகட்டி வைத்த நீரும் அதே அளவுப் புட்டியில், அதே வெள்ளை மூடியோடு, பக்கத்திலேயே இருந்தது. கந்தக அமிலத்திற்கு நிறமில்லை. மணமும் அனேகமாக இல்லை. பந்து விளையாடிவிட்டு வியர்க்க விறுவிறுக்க வந்த என் மருமகன் ஒரு புட்டியை எடுத்து மூடியைத் திருகினான். அக்காள் சமையலறைச் சன்னல் வழியே பார்த்துக் கத்திய கத்தலில் புட்டி கீழே விழுந்தது. அவன் காலணியில் தெறித்த இடம் மட்டும் பிற்பாடு பொத்தலாயிற்று. பன்னிரண்டு வயதுப் பையன், நன்றாகப் படிக்கக்கூடியவன். புட்டியின் மேல் எழுத்து இருந்திருந்தால் படித்திருப்பான், எழுத்துதான் இல்லை.

அமிலத்தை வீட்டில் வைக்கவே வேண்டாம். பேட்டரி நீரையும் அது வந்த புட்டியிலேயே வைத்திருங்கள். காய்ச்சி வடித்த நீர் நஞ்சன்று. ஆனால், பேட்டரிக்கென்று விற்கப்படுவது குடிப்பதற்காகத் தயாரித்து அடைக்கப்பட்டதன்று. அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால், அப்போது தேட வேண்டிய சரியான நீர் குழாய் நீரே. ஓடும் நீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே 999ஐ அழைக்கச் செய்யுங்கள். சமையல் சோடா தரையில் சிந்தியதற்கு மட்டும். கண்ணுக்கும் தோலுக்கும் அன்று. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உணவுக்குழாய் இரண்டாம் முறையும் வெந்துபோகும். வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இனி ஆசிரியர்களுக்கு. இந்நிகழ்ச்சிக்குப் பின் வடிகட்டலையும் வடித்தலையும் நான் ஒரே நாளில், ஒரே நீரைக் கொண்டு காட்டுகிறேன். ஒரு குவளை நீரில் உப்பும் சமையலுக்குப் பயன்படும் நீல வண்ணமும் கலக்க வேண்டும். பாதியைப் பிள்ளைகள் துணியிலும் வடிதாளிலும் வடிகட்டட்டும். எத்தனை மடிப்பு மடித்தாலும் நீலம் நீலமாகவே இறங்கும். மீதியைக் கறுப்பு நிறத் தொட்டியில் ஊற்றி, நடுவில் ஒரு வெற்றுக் கிண்ணத்தை வைத்து, மேலே நெகிழித்தாளை இறுகக் கட்டி, கிண்ணத்திற்கு நேர்மேலே ஒரு சிறு கல்லை வைத்துத் திடலில் வெயிலில் விட்டுவிட வேண்டும். வெயில் நன்றாகக் காய்ந்தால் பள்ளி முடியும் வேளையில் கிண்ணத்தில் சிறிதளவு நீர் இருக்கும். அதில் நீலம் இராது. ஒவ்வொரு நீரிலும் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் காயவிட்டால், வடிகட்டிய நீர் நீலமும் வெண்மையுமான வளையத்தை விட்டுச் செல்லும். கிண்ணத்து நீர் எதையும் விட்டுச் செல்லாது. கொதிகலமும் நீராவியும் இல்லாததால் கை வெந்துவிடும் என்ற அச்சமுமில்லை.

சென்ற முறை இதைச் செய்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அப்படியென்றால் மழையும் வடித்த நீர்தானா?" என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் நீர்ச் சுழற்சி ஓரிடத்தில் இருக்கிறது. பொருள்களைப் பிரித்தெடுத்தல் வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டையும் அவள் ஒரே கேள்வியால் முடிச்சுப் போட்டுவிட்டாள். கதிரவனே அடுப்பு, கடலே பானை, வானமே மூடி என்று விளக்கினேன். மீதி நேரம் முழுவதும் கூரையைப் பற்றிய விவாதத்தில் கழிந்தது.

சொல்லுக்கு வருவோம். 2003 முதல் நம் நாட்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அந்தக் கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, 2012 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்தில் படித்த பிள்ளைகள் இன்று பெற்றோர்களாகி இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் என்னிடம், "'டிஸ்டில்ட்' வேறு, 'ஃபில்டர்' வேறு என்று ஆங்கிலத்தில் படித்த எங்களுக்குக் குழப்பமில்லை, உங்கள் தமிழில்தான் குழப்பம்" என்றார். அவர் கூறியதில் பாதி உண்மை. ஆனால், மலாய் மொழியும் 'தாப்பிஸ்' என்று வடிகட்டலையும், 'சூலிங்' என்று வடித்தலையும் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறது. 'சூலிங்' புல்லாங்குழலையும் குறிக்கும்; ஆயினும், புல்லாங்குழலைப் பேட்டரியில் ஊற்ற யாரும் முயல்வதில்லை. குறை தமிழின் இயல்பில் இல்லை. அண்டை அண்டையாக நிற்கும் இரு செயல்களுக்கு ஒரே வேரிலிருந்து பெயர் சூட்டிவிட்டு, வேறுபாட்டைச் சொல்லித்தராமல் விட்ட நம் வகுப்பறைகளில் இருக்கிறது.

நம்மிடம் பழைய சொல் இல்லாமலும் இல்லை. சித்த மருத்துவத்தில் ஆவியாக்கிக் குளிர்வித்து எடுக்கும் கருவிக்கு 'வாலை' என்று பெயர். அவ்வாறு எடுத்தது 'தீநீர்'. குழந்தையின் வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கும் ஓம வாட்டர், ஓமத் தீநீரே. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'வாலை வடிநீர்' என்னும் சொல் வழங்குகிறது. நான் வகுப்பில் மூன்றையும் முயன்று பார்த்தேன். 'வாலை' என்றதும் பிள்ளைகள் எதன் வாலை என்று கேட்டார்கள். 'தீநீர்' என்றால் தீய நீர் என்று எண்ணுகிறார்கள். 'ஆவிநீர்' என்று நானே ஒன்றைச் சொன்னேன், பின்வரிசையிலிருந்து, "பேய்த் தண்ணியா ஐயா?" என்று குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. ஆனால், மறுவாரம் கேட்டபோது அத்தனை பேருக்கும் நினைவிலிருந்தது 'ஆவிநீர்'தான். ஆகவே, 'காய்ச்சி வடித்த நீர்' என்று எழுதும் இடத்திலெல்லாம் பக்கத்தில் 'ஆவிநீர்' என்றும் கரும்பலகையில் எழுதி வருகிறேன்.

அத்தானின் நண்பர்கள் இப்போது இலித்தியம் மின்கலம் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறார்கள். கேரளத்தின் வைக்கத்தில் 2017இல் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' என்னும் சூரிய ஆற்றல் பயணிகள் படகு அவ்வகை மின்கலத்தில்தான் இயங்குகிறது. அதற்கு நீரே வேண்டாம். விலையைக் கேட்டபின் அத்தான் மறுபடியும் ஈயப் பேட்டரியே வாங்கினார். அதன் பெட்டியின் மேல் என் மருமகன் அழியா மையால், "ஆவிநீர் மட்டும். மின்னேற்றிய பிறகு" என்று தமிழில் எழுதியிருக்கிறான். சீன நண்பருக்காகக் கீழே மலாயிலும் எழுதியிருக்கிறான்.

உங்கள் பள்ளியில் இதற்கு என்ன சொல் வழங்குகிறீர்கள்? தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்கள், அந்நாளில் டிராக்டர் பேட்டரிக்கு ஊற்றிய நீரைப் பெரியவர்கள் எப்படி அழைத்தார்கள் என்பது நினைவிருந்தால் அவசியம் எழுதுங்கள். 'வடி' இல்லாத ஒரு சொல் கிடைத்தால் எனக்கு மிகவும் பயன்படும்.